ஆறு மாத மனிதனும் ஐம்பது ஆண்டுக் கப்பலும்

ஒப்பந்தம் முடிகிற நாளில் செய்ய வேண்டிய வேலைகள் அதிகம் இருப்பதில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கங்களுக்கு எண் இடப்பட்ட குறிப்பேட்டை ஒப்படைத்தால், ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை என்பதை ஒருவர் புரட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்வார். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கொடுத்துவிட்டால், காலையில் தலையசைத்து உள்ளே விட்ட அதே காவலருக்கு மாலையில் நான் வெளியாள். ஆறு மாதமோ ஒன்பது மாதமோ உட்கார்ந்து எழுதியவற்றில் ஒரு வரியைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. கொத்தனார் தான் கட்டிய வீட்டைத் தெருவில் நின்று பேரனுக்குக் காட்டலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

2011 முதல் 2024 வரை, பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டங்களில் தகவல் பாதுகாப்பு ஆலோசகராக ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நகர்ந்துவந்தேன். அந்தத் தொழிலை விட்டுவிட்ட இப்போது, சொல்லக்கூடிய பகுதியைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எந்தத் திட்டம், எந்தக் கருவி, எந்தத் தளம் என்பவை இங்கே வரமாட்டா. வருபவை எல்லாம் அமைச்சகமே பொதுவில் வைத்திருக்கும் விதிமுறைகளும், நாளிதழ்களில் வந்த செய்திகளும், என் சொந்த எரிச்சல்களும்தான்.

உள்ளே நுழைவதற்கு முதலில் வேண்டியது கிளியரன்ஸ், அதாவது நம் பின்னணியை அரசு ஆராய்ந்து கொடுக்கும் பாதுகாப்பு அனுமதி. அடிப்படைச் சரிபார்ப்பு ஒன்று எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் எஸ்.சி. (செக்யூரிட்டி செக்) என்றும் டி.வி. (டெவலப்டு வெட்டிங்) என்றும் படிகள் இருக்கின்றன. இரகசிய ஆவணங்களைத் தொடர்ந்து கையாள எஸ்.சி. போதும். அதியிரகசியத்தின் நடுவிலேயே வேலை என்றால் டி.வி. வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் நேர்காணல் நடக்கும், வங்கிக் கணக்கு முதல் குடிப்பழக்கம் வரை கேட்பார்கள். இவற்றில் எதற்கும் ஒருவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு நிறுவனமோ துறையோ "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று முன்மொழிய வேண்டும். ஆனால் ஒப்பந்த வேலைக்கான விளம்பரங்களில் முதல் வரியிலேயே, நடப்பில் இருக்கும் எஸ்.சி. கட்டாயம் என்று போட்டிருப்பார்கள். வேலை இருந்தால்தான் கிளியரன்ஸ், கிளியரன்ஸ் இருந்தால்தான் வேலை. ஏற்கெனவே கிளியரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று விண்ணப்பதாரர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பது அரசின் எழுத்துபூர்வமான கொள்கை. குறுகிய காலத்துக்கான, அவசரமாக நிரப்ப வேண்டிய பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒப்பந்த வேலை எல்லாமே குறுகிய காலம், எல்லாமே அவசரம் என்பதால், விலக்கே விதியாகிவிட்டது. விளைவாக, உள்ளே இருப்பவர்களே ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றிச் சுற்றி வருகிறோம். பிரிஸ்டலில் பிரிந்தவரைப் போர்ட்ஸ்மத்தில் பார்ப்பது வாடிக்கை. நான் முதலில் ஒரு நிறுவனத்தில் நிரந்தர ஊழியனாக இருந்து, அவர்கள் முன்மொழிந்ததால் அனுமதி பெற்று, அதன்பின் வெளியே வந்து ஒப்பந்தக்காரன் ஆனவன். இந்தப் பக்கத்துக் கதவைத்தான் எங்களில் பெரும்பாலானோர் பயன்படுத்தியிருக்கிறோம்.

அந்த முதல் படிவத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அப்போதும் இப்போதும் சரிபார்ப்பு வேலை யார்க் நகரிலிருந்து நடக்கிறது. 2017-ல்தான் தனித்தனியாக இருந்த சரிபார்ப்புப் பிரிவுகளை இணைத்து ஒரே அமைப்பாக்கினார்கள். படிவம் பெற்றோரின் முழுப்பெயர், குடும்பப்பெயர், பிறந்த நாள், பிறந்த இடம் எல்லாவற்றையும் கேட்கும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப்பெயராக இருக்கிறது. அப்பாவின் ஆவணங்களில் தாத்தாவின் பெயர் முதலெழுத்தாக இருக்கிறது. அம்மாவுக்குத் திருமணத்துக்கு முன் ஒரு முதலெழுத்து, பின் வேறொன்று. மூன்று பேரும் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்றுதான் அந்தப் படிவத்தைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். அப்பாவின் பிறந்த நாள் ஜூன் முதல் வாரம். அது அவர் உண்மையில் பிறந்த நாள் அல்ல, பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வயதைக் கணக்குப் பார்த்து எழுதிக்கொண்ட நாள். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. தொலைபேசியில் கேட்டேன். "சர்வதாரி வருஷம், ஆவணி மாசம், ரேவதி நட்சத்திரம்" என்றார். சற்று இடைவெளி விட்டு, "வெள்ளைக்காரனுக்கு என் ஜாதகம் எதுக்குய்யா? யாருக்குப் பொருத்தம் பாக்கான்?" என்று கேட்டார். பழைய பஞ்சாங்கத்தைத் தேடி 1948-ஆம் ஆண்டின் ஒரு தேதிக்கு வந்து சேர்ந்தேன். அந்தத் தேதி சரிதான் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட்டபோது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. பின்னர் யார்க்கிலிருந்து ஓர் அம்மையார் அழைத்து, மிக மரியாதையாக, உங்கள் தந்தையின் குடும்பப்பெயரும் உங்களுடையதும் ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார். இருபது நிமிடம் விளக்கினேன். முடிவில், "அப்படியானால் உங்கள் மகனின் குடும்பப்பெயர் உங்கள் பெயராக இருக்குமா?" என்று அவரே கேட்டபோது, புரிந்துவிட்டது என்று நிம்மதியடைந்தேன்.

காத்திருப்பு வாரக்கணக்கில் போகலாம், மாதக்கணக்கிலும் போகலாம். தாமதங்கள் அளவு கடந்து, தேசியத் தணிக்கை அலுவலகம் 2023 ஜனவரியில் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஒப்பந்தக்காரனுக்குக் காத்திருக்கும் நாட்களில் கூலி இல்லை.

உள்ளே போன முதல் வாரம் பெரும்பாலும் வீணாகும். கணினிக் கணக்கு தயாராக இருக்காது. கணக்கு வந்தால் அச்சிட அனுமதி இருக்காது. அந்த நாட்களில் ஜே.எஸ்.பி. 440 எனப்படும் பாதுகாப்புக் கையேட்டைப் படிக்கச் சொல்வார்கள். ஏறத்தாழ 2,400 பக்கம் கொண்ட அதன் பழைய பதிப்பு 2009-ல் விக்கிலீக்ஸில் முழுமையாக வெளிவந்துவிட்டது. கசிவைத் தடுக்க எழுதிய நூலே கசிந்த கதையை எந்த அலுவலகத்திலும் யாராவது ஒருவர் புதியவருக்குச் சொல்லாமல் விடமாட்டார். பிரிஸ்டலுக்கு வடக்கே ஃபில்டனில், 1996-ல் திறக்கப்பட்ட அபி வுட் என்ற பெரிய வளாகம் இருக்கிறது. ஆயுதப்படைகளுக்கான கொள்முதல் அங்கிருந்துதான் நடக்கிறது. அதே ஆண்டில் திறந்த சிறிய ரயில் நிலையம் ஒன்றும் பக்கத்திலேயே உண்டு. திங்கட்கிழமை காலையில் அந்த நடைமேடையில் இறங்கும் கூட்டத்தில், முதுகுப்பையோடு சிறு பெட்டியும் வைத்திருப்பவர்கள் ஒப்பந்தக்காரர்கள். வியாழக்கிழமை வரை மலிவு விடுதியில் தங்கிவிட்டு வீடு திரும்புபவர்கள். என் பெட்டியில் பருப்புப் பொடியும் சிறிய சோறு வடிக்கும் பாத்திரமும் இருந்தன என்பதை விடுதி நிர்வாகம் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

வேலை என்னவென்றால், படங்களில் வருவது எதுவும் இல்லை. எவருடைய கணினிக்குள்ளும் நான் நுழைந்ததில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு திட்டம் தொடங்கும்போது, அதன் எந்தக் கூறு எந்த அளவுக்கு இரகசியம் என்பதை அமைச்சகம் ஒரு கடிதத்தில் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும். ஒரு கருவி இருக்கிறது என்பது இரகசியமாக இருக்காது. அது எவ்வளவு தூரம் பார்க்கும் என்பது இரகசியமாக இருக்கும். எந்த அலைவரிசையில் தோற்றுப்போகும் என்பது அதைவிட இரகசியமாக இருக்கும். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தகவல் எங்கே பிறக்கிறது, எந்தக் கம்பி வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது, யார் தொடுகிறார்கள் என்று படம் வரைய வேண்டும். எதிரி யாராக இருக்கலாம், அவனுக்கு என்ன முடியும், நாம் போட்டிருக்கும் பூட்டுகள் எவ்வளவு தாங்கும் என்று எழுத வேண்டும். எல்லாப் பூட்டும் போட்டபிறகும் ஓர் ஓட்டை எஞ்சும். அந்த எஞ்சிய இடரை, ராணுவ அதிகாரியோ திட்ட இயக்குநரோ, அதிகாரம் உள்ள ஒருவர் படித்து, புரிந்துகொண்டு, "இதை ஏற்கிறேன்" என்று கையெழுத்திட வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் தொழில் முழுவதும் அந்த ஒரு கையெழுத்தை நேர்மையாக வாங்குவதுதான். ஆலோசகனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஓட்டையை அடைக்கும் பணம் அவனிடம் இல்லை. திட்டத்தை நிறுத்தும் உரிமையும் இல்லை. கையெழுத்திடுபவர் பின்னொரு நாள் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாதபடி எளிய மொழியில் எழுதுவது ஒன்றுதான் அவன் கையில் இருக்கிறது. மூன்று பக்கத்துக்கு மேல் போனால் படிக்கமாட்டார்கள் என்பதை இரண்டாவது ஒப்பந்தத்தில் கற்றுக்கொண்டேன்.

நான் சேர்ந்த காலத்தில் இதற்கு ஒரு வாய்பாடு இருந்தது. தகவல் வெளியே போனால், மாற்றப்பட்டால், கிடைக்காமல் போனால் எவ்வளவு சேதம் என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை எண் கொடுத்து, அட்டவணைகளில் பொருத்தினால் கடைசியில் இடரின் அளவு ஒரு சொல்லாக வந்து விழும். வந்த சொல் மேலிடத்துக்குப் பிடிக்காவிட்டால், அட்டவணையில் ஓர் எண்ணைச் சற்று இறக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. இவற்றை எல்லாம் திரட்டிய ஆவணக் கட்டுக்கு ஆர்மேட்ஸ் என்று பெயர். முந்நூறு பக்கக் கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனிதர்கள் இருவர்: எழுதிய ஆலோசகரும், அமைச்சகத்தின் சார்பில் சான்றளிக்கும் அக்ரெடிட்டரும்.

2014 ஏப்ரல் 2 அன்று, ஐந்து படிகளாக இருந்த இரகசிய வகைப்பாடு மூன்றாகக் குறைக்கப்பட்டது. அஃபிஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்பவை மட்டும் எஞ்சின. காகிதத்தில் இது எளிமை. ஆனால் பழைய படிகளில் கட்டிய அமைப்புகள் நூற்றுக்கணக்கில் அப்படியே இருந்தன. நடுவில் இருந்த கான்ஃபிடென்ஷியல் என்ற படிக்குப் புதிய வரிசையில் நேரான இடமே இல்லை. அஃபிஷியலில் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியவற்றுக்கு அஃபிஷியல்-சென்சிடிவ் என்று குறிக்கச் சொன்னார்கள். அது தனிப் படி இல்லை, வெறும் கையாளும் குறிப்புதான் என்பதை வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்லியும், எல்லோரும் அதைத் தனிப் படியாகவே நடத்தினார்கள். அது படியா குறிப்பா என்று ஒரு முழு மதியம் பதினோரு பேர் விவாதித்த கூட்டத்தில் நான் இருந்தேன். பதினோரு பேரின் நாட்கூலியையும் கூட்டிப் பார்த்தால், அந்த மதியத்தின் விலைக்கு ஒரு நல்ல ஃபயர்வால் வாங்கியிருக்கலாம்.

2023 ஜூலையில் இன்னும் பெரிய மாற்றம் வந்தது. கடைசிக் கட்டத்தில் ஒருவர் சான்றளிக்கும் முறையை அமைச்சகம் கைவிட்டு, வடிவமைப்பிலிருந்தே பாதுகாப்பு என்ற முறைக்கு மாறியது. பழைய முறையின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டைக் கட்டி, வெள்ளையடித்து, புதுமனைப் புகுவிழாவுக்குப் பந்தல் போட்டபிறகு பொறியாளரைக் கூப்பிட்டு அடித்தளம் சரியா என்று கேட்பது போன்றது அது. பணம் எல்லாம் செலவான பின்பு, சரியில்லை என்று சொல்ல எந்த அக்ரெடிட்டருக்கும் எளிதில் மனம் வராது. ஆகவே நிபந்தனைகளோடு ஓராண்டுக்குச் சான்று கொடுப்பார், ஓராண்டு கழித்து அதே நிபந்தனைகள் அப்படியே இருக்கும். புதிய முறையில் சான்றிதழ் கிடையாது. திட்டத்துக்கு முழுப்பொறுப்பேற்ற மூத்த அதிகாரியே, தொடக்கம் முதல் அந்தக் கருவி ஓய்வுபெறும் வரை இடருக்கும் பொறுப்பு. கொள்கையளவில் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் ஐயம் ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தொடர்ச்சியை யார் சுமப்பது? மூத்த அதிகாரி சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நான் அதற்கும் முன்பே போய்விடுவேன்.

இந்தப் பொருத்தமின்மைதான் பதின்மூன்று ஆண்டுகளும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எச்.எம்.எஸ். குயீன் எலிசபெத் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் ஆயுள் ஐம்பது ஆண்டு என்று திட்டமிட்டிருக்கிறார்கள். நான் அந்தக் கப்பலில் வேலை செய்தவன் இல்லை, செய்தி படித்தவன்தான். அதே ஆண்டு ஜூனில் செய்தியாளர்களைக் கப்பலுக்குள் அழைத்துக் காட்டியபோது, ஒரு கணினித் திரையில் விண்டோஸ் எக்ஸ்பி தெரிந்ததாக நாளிதழ்கள் எழுதின. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிட்ட மென்பொருள் அது. கப்பலின் கணினிகள் பாதுகாப்பானவை என்று அமைச்சகம் விளக்கம் அளித்தது. நாட்டில் கேலி ஓயவில்லை. நான் கேலி செய்யவில்லை. ஒரு போர்க்கப்பலின் வடிவமைப்பு, அது தண்ணீரைத் தொடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உறைந்துவிடுகிறது. உறைந்த அன்று புதிதாக இருந்த மென்பொருள், கப்பல் மிதக்கும் அன்று கிழடாகிவிடுகிறது. மாற்றலாம் என்றால், அதனோடு பேசும் மற்ற கருவிகள் அனைத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு வாழும் ஒன்றின் நோய்க்குறிப்பை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரும் மருத்துவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் நிலைமை.

நான் அதிகம் கற்றுக்கொண்ட இடங்கள் பெரிய வளாகங்கள் அல்ல, சிறு பட்டறைகள். 2016 முதல், அமைச்சகத்தின் தகவலைக் கையாளும் ஒப்பந்தங்களில் சைபர் எசென்ஷியல்ஸ் என்ற அடிப்படைச் சான்று கட்டாயமானது. அந்த நிபந்தனை முதன்மை ஒப்பந்தக்காரரோடு நிற்காது. அவருக்குக் கீழே, அவருக்கும் கீழே என்று இறங்கிக்கொண்டே போகும். அப்படி இறங்கி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, மத்திய இங்கிலாந்தில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஓர் உலோகப் பட்டறை. உரிமையாளர் எழுபதை நெருங்கியவர். அவர் அப்பா தொடங்கிய தொழில். ஒரு பொருளில் பொருத்தும் தாங்கி ஒன்றை அவர்கள் கடைந்து கொடுத்தார்கள். முதன்மை நிறுவனம் என்னை அனுப்பி, இவர்கள் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறார்களா என்று பார்த்துவரச் சொன்னது.

மிக முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களைப் பதினான்கு நாட்களுக்குள் கணினிகளில் ஏற்ற வேண்டும் என்பது அந்தச் சான்றின் விதி. அலுவலக அறையில் இருந்த மூன்று கணினிகளும் சரியாக இருந்தன. பிறகு பட்டறைக்குள் போனோம். கடைசல் இயந்திரத்தோடு ஒட்டியிருந்த கணினியில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது; அதன் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. "இந்தக் கணினியை மாற்றச் சொல்கிறீர்களா, இயந்திரத்தை மாற்றச் சொல்கிறீர்களா?" என்று பெரியவர் கேட்டார். புதிய இயந்திரத்தின் விலை, அந்தத் தாங்கியால் அவர் பத்தாண்டில் சம்பாதிப்பதைவிட அதிகம். வரைபடம் அந்தக் கணினிக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன். அலுவலகத்திலிருந்து கம்பி வழியாக, அதே இணைப்பில் இணையமும். தொந்தரவு இயந்திரத்தில் இல்லை, அந்தக் கம்பியில்தான் இருந்தது. கம்பியைப் பிடுங்கினோம். வரைபடங்களுக்கென்று மட்டும் இரண்டு யு.எஸ்.பி. குச்சிகள், அவற்றைப் பூட்டிவைக்க ஓர் இழுப்பறை, எடுத்தவர் பெயரை எழுத ஒரு நோட்டு. மறுநாள் தொலைபேசியில், மழை நாளில் முற்றத்தைக் கடந்து குச்சியைக் கொண்டுபோவதற்கு ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றார். அந்த முணுமுணுப்புதான் அந்த ஆண்டில் நான் செய்த ஆகச்சிறந்த பாதுகாப்பு ஏற்பாடு. எஞ்சிய இடர் அரைப் பக்கத்தில் எழுதப்பட்டு, முதன்மை நிறுவனத்தில் ஒருவர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டார்.

2023 ஆகஸ்டில், ராணுவத் தளங்களுக்கும் வேலி செய்து கொடுக்கும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தில் பணயத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று நுழைந்து, ஏறத்தாழ 10 ஜிபி தரவை எடுத்துப் போன செய்தி வந்தபோது, எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன். உற்பத்தி இயந்திரம் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கணினி. 2024 மே மாதம், வெளி ஒப்பந்த நிறுவனம் நடத்திவந்த படைவீரர் சம்பளப் பட்டியலுக்குள் யாரோ நுழைந்ததை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மதிலுக்குள் இருப்பவர்கள் மதிலை உயர்த்திக்கொண்டே போகலாம். பால்காரனும் மளிகைக்காரனும் வரும் கொல்லைப்புறக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க, அமைச்சகம் வெகுகாலம் ஆளை அனுப்பவில்லை.

நாங்கள் வரைந்த படங்களில் அயல்நாட்டு உளவமைப்புகள் எப்போதும் முதலிடத்தில் இருந்தன. அமைச்சகத்தைத் தலைகுனிய வைத்த நிகழ்வுகளோ வேறு வகை. 2008 ஜனவரியில் பர்மிங்ஹாமில், இரவு முழுவதும் காரில் விட்டுவைத்த ஒரு மடிக்கணினி திருடுபோனது. படையில் சேர விரும்பியோர் ஏறத்தாழ 600,000 பேரின் விவரங்கள் அதில் மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தன. அதையடுத்து சர் எட்மண்ட் பர்ட்டன் அளித்த அறிக்கையின் பரிந்துரைகள், நான் சேர்ந்தபோதும் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தன. 2021 செப்டம்பரில், ஆப்கானிஸ்தானில் ஒளிந்திருந்த மொழிபெயர்ப்பாளர்கள் உள்ளிட்ட 245 பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. முகவரிகளை மறைத்து இட வேண்டிய பெட்டியில் இடாமல், எல்லோர் கண்ணிலும் படும் பெட்டியில் இட்டுவிட்டார்கள். தகவல் ஆணையர் விதித்த அபராதம் 350,000 பவுண்ட். 2022 பிப்ரவரியில் அதைவிடப் பெரிய தவறு. பிரிட்டனுக்கு வர விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விவரம் அடங்கிய அட்டவணைக் கோப்பு ஒன்று வெளியே மின்னஞ்சலில் போனது; அதைப் பற்றிப் பேசவே கூடாது என்ற நீதிமன்றத் தடை 2025 ஜூலையில்தான் நீங்கியது. இந்த மூன்றிலும் எவரும் அமைச்சகத்தின் கணினி அமைப்பை உடைத்துக்கொண்டு நுழையவில்லை. பூட்டுக்குள் பூட்டு என்று நான் எழுதிக்கொண்டிருந்த அதே வாரங்களில், வேறோர் அறையில் ஒருவர் அனுப்பும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு மின்னஞ்சல் பெட்டியைத் தவறாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை முதன்மை இடராக எழுதியிருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நானே சிரித்திருப்பேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லோரும் நினைப்பது அதைத்தான். நாட்கூலி என்று நாங்கள் சொல்வது நல்ல தொகைதான். நிரந்தர ஊழியரின் ஒருநாள் சம்பளத்தைப் போல இருமடங்கும் வரும். ஆனால் விடுப்புக்கும் நோய்க்கும் இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடைப்பட்ட வெற்று மாதங்களுக்கும் கூலி கிடையாது. விடுதிச் செலவும் நம்முடையது. எங்களில் பலர் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி பதிவுசெய்து, அதன் பெயரில் வேலை செய்தோம். அப்படிச் செய்பவர் உண்மையில் ஒளித்துவைத்த ஊழியரா என்று பார்க்கும் வரிச்சட்டம், 1999 மார்ச் மாதச் செய்திக்குறிப்பின் எண்ணால் ஐ.ஆர்.35 என்று அழைக்கப்படுகிறது. அது 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் அந்தத் தீர்மானத்தை எங்கள் கம்பெனியே செய்துகொள்ளலாம். அரசுத்துறையில் 2017 ஏப்ரலிலும், தனியார் துறையில் நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரலிலும் அந்தப் பொறுப்பு வேலை கொடுப்பவரிடம் போனது. தவறாகத் தீர்மானித்தால் வரி தங்கள் தலையில் விழும் என்று அஞ்சியவர்கள், ஆளைப் பார்க்காமல் எல்லோரையும் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று ஒரே வீச்சில் அறிவித்தார்கள். ஊழியருக்குரிய வரி பிடிப்பார்கள், ஊழியருக்குரிய விடுப்போ ஓய்வூதியமோ அந்தத் துறையிலிருந்து வராது. 2022 செப்டம்பரில் இந்தச் சீர்திருத்தத்தை நீக்குவதாக ஒரு நிதியமைச்சர் அறிவித்தார். அடுத்த மாதமே வந்த இன்னொருவர் அந்த அறிவிப்பை ரத்துசெய்தார். எங்கள் அறையில் வாங்கிய கேக்கில் பாதி அப்படியே இருந்தது.

வரிக்காக அழுகிறான் என்று எண்ண வேண்டாம். 2017-ல் நான் இருந்த குழுவில் ஆறு பேர் ஒரே மாதத்தில் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர், அந்த அமைப்பின் ஒவ்வொரு விதிவிலக்கும் ஏன் கொடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர். அவர் கடைசி நாளில் குறிப்பேட்டை ஒப்படைத்தார். பக்கங்களை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களை யாரும் படித்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் கடைசி ஒப்பந்தத்தில், முதல் வார வழக்கப்படி, படிக்கச் சொல்லி ஒரு பழைய இடர்ப் பட்டியலைக் கொடுத்தார்கள். திட்டத்தின் பெயர் மாறியிருந்தது, துறையின் பெயர் மாறியிருந்தது, பட்டியலின் மேலே இருந்த பெயர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. பதினேழாவது வரியை இருமுறை படித்தேன். ஒரு பராமரிப்பு மடிக்கணினியைப் பற்றிய அந்த வாக்கியத்தில், தேவையில்லாத இடத்தில் ஒரு காற்புள்ளி இருந்தது. ஆங்கிலத்தில் நான் செய்யும் வழக்கமான பிழை அது. என் மனைவி எத்தனையோ முறை சுட்டிக்காட்டியிருக்கிறாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வரி. தற்காலிகமாக ஏற்கப்படுகிறது, ஆறு மாதத்தில் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்று முடித்திருந்தேன். அதன் எதிரே இருந்த கட்டத்தில் மறுபரிசீலனைத் தேதி நான்கு முறை அடித்து எழுதப்பட்டிருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞரிடம், இந்தப் பதினேழாவது வரிக்கு இப்போது யார் பொறுப்பு என்று கேட்டேன். பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்றிலிருந்து நீங்கள்தான் என்று நினைக்கிறேன்" என்றார்.